பூங்காவும் பாட்டியின் குடமும்



பூவை வெறுப்பவர் யாரும் உண்டோ? மணமேடையில் பூ, மாதாவின் கெபியில் பூ, கல்லறைத் திருநாளன்று முன்னோரின் சிலுவையடியிலும் பூ. ஆதலின் பூங்காக்களையோ மலர்க் கண்காட்சிகளையோ குறை கூறுவதற்காக நான் இக்கட்டுரையை எழுதவில்லை. அவை நமக்கு வேண்டும். ஆனால் அவற்றில் எந்தச் செடியை வைக்கிறோம், எந்த நீரைப் பாய்ச்சுகிறோம், எந்த மாதத்தில் விழா எடுக்கிறோம் என்று சற்றுச் சிந்திக்க வேண்டும் என்பதே என் கருத்து. என்னை இப்படிச் சிந்திக்க வைத்தது ஒரு தண்ணீர் லாரி.

ஒரே லாரி

எங்கள் ஊர் சிங்கப்பெருமாள் கோவில். ஒருபுறம் பாடலாத்ரி நரசிம்மரின் குடைவரைக் கோயில். மறுபுறம் ஒரகடம் செல்லும் சாலையில் இரவும் பகலும் ஓடும் கண்டெய்னர் லாரிகள். 2024-ஆம் ஆண்டு மே மாதம், கத்திரி வெயிலில், எங்கள் தெருக் கிணறுகள் வற்றிவிட்டன. ஆழ்குழாய்களில் தண்ணீருக்குப் பதில் காற்றுதான் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் ஒரு தண்ணீர் லாரி வரும். பாட்டி விடியற்காலை ஐந்து மணிக்கே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு காத்திருப்பார். வீட்டுக்கு ஆறு குடம் என்பது கணக்கு.

ஒருநாள் எங்களுக்கு நான்கு குடம்தான் கிடைத்தது. லாரியில் தண்ணீர் இருந்தும் ஓட்டுநர் குழாயைச் சுருட்டிவிட்டார். "மீதி பூங்காவுக்கும்மா, அங்க ஊத்தணும்" என்றார். அன்று மாலை டியூஷனுக்குப் போகும் வழியில் அந்தப் பூங்காவைப் பார்த்தேன். அது எந்தப் பூங்கா என்று சொல்லப் போவதில்லை. அங்கே பச்சைப் புல்தரையில் ஒரு குழாய் திறந்தபடி கிடந்தது. தண்ணீர் புல்லை நனைத்து, நடைபாதையைத் தாண்டி, சாலையோரச் சாக்கடையில் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஆளில்லை.

எனக்குக் கோபம் பொங்கியது. வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னேன். "மனுசங்களுக்கே தண்ணி இல்ல, புல்லுக்கு ஊத்துறாங்க பாட்டி!" என்றேன். பாட்டி கோபப்படவில்லை. "அதுவும் உசுருதானே கண்ணு. வெச்ச செடிக்குத் தண்ணி ஊத்தாம இருக்க முடியுமா? ஆனா தாகம் அடங்காத செடியாப் பார்த்து எதுக்கு வெச்சாங்க?" என்றார்.

என் பாட்டி மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். ஆயினும் நான் இக்கட்டுரையில் சொல்ல நினைப்பதை எல்லாம் அவர் அந்த ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கோடைக்காலத்தில் நம் பகுதிப் புல்தரை ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் நீரைக் காற்றில் விட்டுவிடுகிறது. அந்த இழப்பை ஈடு செய்தால்தான் புல் பச்சையாக இருக்கும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் நீர் என்றால் அது 1 லிட்டர். அப்படியானால் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வேண்டும். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஆகவே ஓர் ஏக்கர் புல்தரைக்கு ஒரு நாளைக்கு 20,000 லிட்டருக்கு மேல் வேண்டும். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் ஒரு லாரி போதாது, இரண்டாவது லாரியும் வர வேண்டும்.

நம் நாட்டு நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று குடிநீர்த் திட்டங்களில் அளவு வைத்திருக்கிறார்கள். அந்த அளவின்படி, ஓர் ஏக்கர் புல் குடிப்பது சுமார் 150 பேருக்கான ஒருநாள் தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டு மறந்து போனால் இன்னும் கூடுதல். பூங்கா என்றாலே முதலில் புல்தரை போடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டாமா?

2019-ஆம் ஆண்டு எனக்கு நினைவிருக்கிறது. நான் அப்போது நான்காம் வகுப்பு. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு போயின. அந்த ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலில் 50 வேகன்கள், மொத்தம் 25 லட்சம் லிட்டர். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2015 டிசம்பரில், அதே சென்னை வெள்ளத்தில் மிதந்தது. பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், பெய்யாதபோது மாதக்கணக்கில் வறண்டு கிடப்பதும் நம் ஊர் மழையின் குணம்.

புல்தரை எங்கிருந்து வந்தது?

சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டன் மாநகரில் பெய்வது இதில் பாதி கூட இல்லை. அப்படியிருந்தும் அங்கே புல் பச்சையாக இருக்கிறதே, ஏன்? அங்கே மழை பன்னிரண்டு மாதங்களிலும் சிறுகச் சிறுகப் பெய்கிறது. வெயிலும் மென்மையானது. நமக்கோ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையே பெய்து முடிந்துவிடுகிறது. பிறகு ஆறு மாதம் சூரியன்தான் ஆட்சி செய்கிறான். அகன்ற புல்வெளியும் ஓரத்தில் பூப்பாத்தியும் என்னும் தோட்ட முறை ஆங்கிலேயர் தங்கள் நாட்டிலிருந்து கொண்டுவந்தது. அவர்கள் 1848-இல் உதகமண்டலத்தில் தாவரவியல் பூங்காவை அமைக்கத் தொடங்கினார்கள். 1896-இல் அங்கே மலர்க் கண்காட்சியும் தொடங்கியது. உதகையின் குளிருக்கும் பனிக்கும் அது பொருந்தியது. இன்றும் ஒவ்வொரு மே மாதமும் மக்கள் திரள் திரளாகச் சென்று மகிழ்கிறார்கள். ஆனால் மலைக்குப் பொருந்திய உடையைச் சமவெளியும் அணிய வேண்டுமா? கம்பளிச் சட்டை நல்லதுதான், அதற்காகச் சிங்கப்பெருமாள் கோவிலில் சித்திரை மாதத்தில் யாராவது போட்டுக்கொள்வார்களா?

நாங்கள் கண்ட மலர்க் கண்காட்சி

சென்னையில் அரசின் தோட்டக்கலைத் துறை மலர்க் கண்காட்சி நடத்தத் தொடங்கியது 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம். முதல் ஆண்டு கலைவாணர் அரங்கத்தில் நடந்தது. 2023 ஜூன் மாதம் கதீட்ரல் சாலையில் உள்ள செம்மொழிப் பூங்காவுக்கு வந்தது. 2024-இல் பிப்ரவரியிலும், 2025-இல் ஜனவரியிலும் அதே பூங்காவில் நடந்தது. தோழியரே, இந்த மாதங்களைக் கவனித்தீர்களா? ஜூனிலிருந்து பிப்ரவரிக்கும், பிப்ரவரியிலிருந்து ஜனவரிக்கும் விழா நகர்ந்திருக்கிறது. ஜூன் மாதம் சென்னையில் வெயில் கொளுத்தும் காலம். ஜனவரி என்பது வடகிழக்குப் பருவமழை முடிந்து, மண் ஈரமாகவும் காற்று குளிர்ச்சியாகவும் இருக்கும் காலம். எந்தக் காரணத்தால் மாற்றியிருந்தாலும் இது நல்ல மாற்றம். ஒரு விழாவை நம் மழைக்கு ஏற்ப நகர்த்தலாம் என்பதற்கு இதுவே சான்று. இனியும் அது ஜனவரியை விட்டு வெகுதூரம் போகாதிருக்க வேண்டும்.

2025 ஜனவரியில் அப்பா எங்களை அங்கு அழைத்துச் சென்றார். மின்சார ரயிலில் நுங்கம்பாக்கம் வரை சென்று, அங்கிருந்து ஆட்டோவில் போனோம். லட்சக்கணக்கான பூக்கள்! தம்பி ஒவ்வோர் உருவத்தின் முன்னும் நின்று நகர மறுத்தான். நானும் வாயடைத்து நின்றேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். பாட்டியும் ரசித்தார். பிறகு ஒரு பூந்தொட்டியின் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, "இது எத்தனை நாளைக்குப் பூக்கும்? தெனம் தண்ணி ஊத்தணுமோ?" என்று கேட்டார். அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. சில வாரங்கள் பூத்து ஓயும் பருவச் செடிகளே உலகெங்கும் மலர்க் கண்காட்சிகளில் பெரும்பாலும் இடம் பெறுகின்றன. தொட்டியில் மண் குறைவு, ஆதலால் அவற்றுக்கு அடிக்கடி நீர் தேவை.

நான் நினைத்துப் பார்த்தேன். மலர்க் கண்காட்சிக்கு வந்தவர்கள் வீடு திரும்பும்போது, அங்கே பார்த்த செடியைப் போலவே ஒன்று வாங்கி வைக்க ஆசைப்படுகிறார்கள். ஆகவே கண்காட்சி என்பது வெறும் வேடிக்கை அன்று, அது ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தில், ஒரு குடம் நீரில் ஒரு வாரம் வாழும் தோட்டம் எப்படி இருக்கும் என்று ஒரு பாடமும் இருந்தால் எத்துணை நன்மை! அப்படியொரு தோட்டத்தை அமைப்பவருக்குத் தனிப் பரிசும் தரலாம். விழா முடிந்ததும் தொட்டிகளைப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம்.

நம் மண்ணின் பூக்கள்

"நீர் குறைவு என்றால் கள்ளியும் முள்ளும்தானே மிஞ்சும்?" என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் நம் தெருவோரத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பேன்.

ஏப்ரல், மே மாதங்களில் மற்றச் செடிகள் எல்லாம் வாடி நிற்கும்போது சரக்கொன்றை இலையை உதிர்த்துவிட்டு மரம் முழுதும் பொன்னாகத் தொங்குகிறது. அதற்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? பொங்கலுக்குக் காப்புக் கட்டும் ஆவாரம்பூ, தரிசு நிலத்தில் தானே பூக்கிறது. நம் மாநில மலரான செங்காந்தள் கோடை முழுவதும் மண்ணுக்குள் கிழங்காக உறங்கி, மழை வந்ததும் எழுந்து தீச்சுடர்போல் பூக்கிறது. (அதன் கிழங்கு நஞ்சு. ஆகையால் சிறு குழந்தைகள் விளையாடும் இடத்தில் வைக்கலாகாது.) நந்தியாவட்டை, வெட்சி, அரளி, சங்குப்பூ எல்லாம் வேர் பிடித்த பிறகு நாள்தோறும் நீர் கேட்பவை அல்ல. நிழலுக்குப் புங்கமும் புன்னையும் மகிழமும் உண்டு. எங்கள் ஊர்க் கோயில் மலைக்குப் பாடலாத்ரி என்று பெயர். பாடலம் என்றால் சிவந்த நிறம், அத்ரி என்றால் மலை என்று பெரியோர் சொல்வார்கள். பாதிரி மரத்துக்கும் வடமொழியில் பாடலம் என்றே பெயர். ஊர்ப் பெயரிலேயே பூவை வைத்திருக்கும் நாம், பூங்காவில் அதற்கு இடம் தரக்கூடாதா?

இது வெறும் கனவு அன்று. சென்னையில் அடையாறு முகத்துவாரத்தின் அருகே குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கர் நிலத்தைச் சீர்செய்து, நம் கடற்கரைப் பகுதிக்கே உரிய மரஞ்செடிகளை நட்டுத் தொல்காப்பியப் பூங்கா ஆக்கினார்கள். அது 2011-இல் திறக்கப்பட்டது. இப்போது இன்னொரு வாய்ப்பும் வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் நிலத்தை அரசு தன்வசம் எடுத்துக்கொண்டது. அங்கே மழைநீர் தேங்கக் குளங்கள் வெட்டப்பட்டன. 118 ஏக்கரில் பூங்கா அமைக்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. அந்தப் பூங்கா தாகம் அடங்காத பூங்காவாக அமையுமா, மழையைக் குடித்து வாழும் பூங்காவாக அமையுமா? வரைபடம் போடும்போதே தீர்மானிக்க வேண்டிய கேள்வி இது.

பிற ஊர்கள் கற்ற பாடம்

அமெரிக்காவின் டென்வர் நகரில் 1981-ஆம் ஆண்டிலேயே நீர் வாரியத்தார் 'செரிஸ்கேப்' என்று ஒரு தோட்ட முறையை வகுத்தார்கள். கிரேக்க மொழியில் 'செரோஸ்' என்றால் உலர்ந்தது என்று பொருள். அதன் விதிகள் எளியவை. ஒரே அளவு தாகமுள்ள செடிகளை ஒரே இடத்தில் வைக்க வேண்டும். குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்தில் மட்டும் புல் போட வேண்டும். மண்ணுக்குத் தொழுவுரமும் இலைமக்கும் இட வேண்டும். காய்ந்த இலை, வைக்கோல் ஆகியவற்றால் மண்ணை மூடி வைக்க வேண்டும். நம் உழவர்கள் இதை மூடாக்கு என்பார்கள். வேரில் மட்டும் சொட்டுச் சொட்டாக நீர் விட வேண்டும், அதுவும் வெயில் ஏறும் முன். நெவாடா மாநிலமோ 2021-இல் சட்டமே இயற்றியது. லாஸ் வேகாஸ் பகுதியில் யாரும் நடக்காத, விளையாடாத அலங்காரப் புல்தரைகளுக்கு 2026-ஆம் ஆண்டு முடிந்த பிறகு கொலராடோ ஆற்றுநீரைப் பாய்ச்சக் கூடாது என்பது அச்சட்டம்.

அமெரிக்கா தொலைவு என்றால் பெங்களூருக்கு வருவோம். 2024 மார்ச் மாதம் அங்கே தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, குடிநீரைத் தோட்டத்துக்கும் கார் கழுவவும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. மலர்க் கண்காட்சிக்குப் பேர்போன லால்பாக் பூங்காவிலும் கப்பன் பூங்காவிலும் கழிவுநீரைச் சுத்திகரித்துச் செடிகளுக்குப் பாய்ச்சும் நிலையங்கள் இருக்கின்றன.

நம் ஊரிலேயே இதற்கு வழி இருக்கிறது. சென்னை கோயம்பேட்டில் 2019-இல் திறக்கப்பட்ட நிலையம் ஒன்று, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்க வல்லது. அந்த நீர் நீண்ட குழாய் வழியே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு வருகிறது. என் அப்பா ஒரகடத்தில்தான் வேலை செய்கிறார். மோட்டார் வாகனத் தொழிலுக்கே இந்த நீர் ஆகும் என்றால், பூங்காவின் புல்லுக்கு ஆகாதா? பாட்டியின் ஆறு குடத்தில் இரண்டைக் குறைத்துத்தானா புல்லை வளர்க்க வேண்டும்?

மறுப்பவர்க்கு ஒரு பதில்

"வருடத்தில் சில நாள் நடக்கும் விழாவில் போய்த் தண்ணீர்க் கணக்குப் பார்ப்பதா? பூ வளர்க்கும் உழவர் பிழைப்பு என்னாவது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. உழவரிடம் பூ வாங்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மல்லிகையும் கனகாம்பரமும் அரளியும் நம் உழவர் வளர்ப்பவையே. அவற்றுக்கு மேடை கிடைத்தால் அவர்களுக்கும் நன்மைதானே? புல்தரையே கூடாது என்பதும் என் வாதம் அன்று. சின்னஞ்சிறு பிள்ளைகள் உருண்டு விளையாட ஒரு துண்டுப் புல் இருக்கட்டும். யாரும் கால் வைக்கக் கூடாது என்று பலகை மாட்டி வைத்திருக்கும் புல்லைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாகவே வான்சிறப்பை வைத்தார். வானம் வறண்டால் தெய்வங்களுக்குரிய விழாவும் பூசையும்கூட நடவா என்று அந்த அதிகாரத்தில் எச்சரித்தார். தெய்வத்தின் விழாவுக்கே அதுதான் நிலை என்றால், பூவின் விழா எம்மாத்திரம்?

நம் ஆண்டவர் கவலைப்படாதிருக்கச் சீடருக்குக் கற்பித்தபோது, அரசனின் அரண்மனைத் தோட்டத்தைக் காட்டவில்லை. வயல்வெளியில் தானே பூத்த மலரைக் காட்டி, சாலமோனின் ஆடையும் இதற்கு ஈடாகாது என்றார். அசிசி நகர் புனித பிரான்சிஸ் தம் மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியைக் கொத்தாமல் விட்டுவைக்கச் சொன்னாராம், காட்டுப்பூக்களும் மூலிகைகளும் தாமே வளரட்டும் என்று! மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் மடலில் இதை நினைவூட்டுகிறார். எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு துறவிக்குத் தோன்றியது இன்று நமக்குத் தோன்றாதா?

நம் வாசலிலிருந்து தொடங்குவோம்

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நாம் சும்மா இருத்தல் தகாது. ஆகவே அருட்சகோதரிகளிடம் பணிவோடு ஒரு விண்ணப்பம். நம் பள்ளியில் லூர்து மாதா கெபியின் முன் உள்ள புல்தரைக்குக் கோடையில் தினமும் நீர் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. அதில் யாரும் நடப்பதில்லை. பாதியையாவது எடுத்துவிட்டு நந்தியாவட்டையும் வெட்சியும் சங்குப்பூவும் நட அனுமதி தாருங்கள். மாதாவின் மேலாடைக்குரிய நீலமும் வெண்மையும் அங்கே பூவாகவே பூத்திருக்கும். மதிய உணவுக்குப் பின் நூற்றுக்கணக்கான டப்பாக்களைக் கழுவும் குழாயடி நீர் வீணாகச் சாக்கடைக்குப் போகிறது. அதை ஒரு வாய்க்கால் வெட்டிக் கல்வாழைப் பாத்திக்குத் திருப்பலாம். எங்கள் வீட்டுக் கொல்லையில் பாட்டி பாத்திரம் கழுவும் நீரில்தான் வாழை குலை தள்ளுகிறது. மரத்தடிச் சருகை எரிக்காமல் பாத்திகளில் பரப்பும் வேலையை வகுப்புக்கு ஒரு வாரமாக நாங்களே செய்வோம்.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் பொதுத்தேர்வு எழுதிவிட்டுச் செல்லப் போகிறோம். எங்களில் பலர் வேறு பள்ளிக்குப் போகலாம். நாங்கள் நடும் கொன்றை பூக்கும்போது இங்கே வேறு மாணவியர் படித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் என்ன? முதல் ஓரிரு கோடை மட்டும் அதற்கு நீங்கள் நீர் ஊற்றுங்கள், தங்கைகளே! பிறகு அது உங்களிடம் ஒரு குடமும் கேட்காது. அந்தக் குடம் யாரோ ஒரு பாட்டியின் வீட்டுக்குப் போகட்டும்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு